மோட்டார்ஹோம் ஜெனரேட்டர்: புரோப்பேனா, டீசலா?

2024 நவம்பர் 9, காலை. கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற வண்டிதான் மோட்டார்ஹோம். அதைப் பத்தி டல்லாஸ்லேர்ந்து ஒரு தம்பி கேட்டது:

"அண்ணா, பழைய வின்னபேகோ வியூ மோட்டார்ஹோம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் வேன் சேஸிஸ், டீசல் எஞ்சின். ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணுல ஓனான் கம்பெனியோட 3.6 கிலோவாட் புரோப்பேன் கேஸ் ஜெனரேட்டர், இன்னொண்ணுல ஓனான் 3.2 கிலோவாட் டீசல். மத்தபடி ரெண்டும் ஒரே மாதிரிதான். ஆனா டீசல் வண்டிக்கு 5,000 டாலர் கூடக் கேக்குறாங்க. எஞ்சினே டீசல்னா ஜெனரேட்டரும் டீசலா இருக்கிறதுதானே முறை? ஜூன்ல அப்பா அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க. டெக்சஸ் வெயில்ல ஏசி இல்லாம அவங்களால முடியாது. எதை எடுக்கட்டும்?"

நவம்பர் 9, இரவு

டீசலை எடுங்க தம்பி. யோசிக்கவே வேணாம்.

இதைச் சொல்றவன் 2021லேர்ந்து புரோப்பேன் ஜெனரேட்டரோட குடும்பம் நடத்துறவன். ஒரு கேலன் புரோப்பேன்ல இருக்கிற சூடு சுமார் 91,500 பிடியு (சூட்டை அளக்கிற அலகு). ஒரு கேலன் டீசல்ல 1,37,000. ஒண்ணரை மடங்கு. அதுக்கு மேல டீசல் எஞ்சின் அழுத்தி எரிக்கிற எஞ்சின், அதே சூட்டுலேர்ந்து கரண்ட்டும் கூடவே எடுக்கும். வண்டிக்கு டீசல் போடும்போதே ஜெனரேட்டருக்கும் போட்டாச்சு. புரோப்பேன் எங்கே நிரப்புறாங்கன்னு ஊர் ஊரா போன்ல தேடுற வேலை மிச்சம். முடிஞ்சது கதை.

நவம்பர் 10, காலை

முடியல. நேத்து எழுதினதைக் காபியோட உக்காந்து படிச்சேன். 5,000 டாலரைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல. அடுத்தவன் காசுன்னா எவ்வளவு சுலபமா வாய் வருது பாருங்க.

என் நோட்டை எடுத்துப் பார்த்துட்டு எழுதுறேன். பீனிக்ஸ்ல இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வண்டியைக் கழுவணும்னு வீட்டுல உத்தரவு.

நவம்பர் 10, மாலை

நோட்டு கிடைச்சுது. ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் ஜெனரேட்டர் மணி மீட்டரையும் கேலனையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்பாகிட்டேர்ந்து வந்தது. அவர் கேஸ் சிலிண்டர் மாத்தின தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைப்பார்.

ஏசியோட ஓடின நாட்களை மட்டும் பிரிச்சுப் பார்த்தேன். 11 மணி நேரத்துக்கு 6.2 கேலன். சமையலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போனதும் அதுல கொஞ்சம் கலந்திருக்கு. தோராயமா மணிக்கு அரை கேலனுக்குச் சொச்சம். பக்கத்து ஊரான டெம்பேல இருக்கிற நண்பர்கிட்ட நீங்க சொல்ற அதே 3.2 டீசல் இருக்கு. அவர் கணக்கு மணிக்கு 0.3 கேலன்.

கடைசியா நான் புரோப்பேனுக்குக் கொடுத்தது கேலன் 3.30. டீசல் 3.60. ஆக எனக்கு மணிக்கு 1.85 டாலர், அவருக்கு 1.08. வித்தியாசம் 77 சென்ட். நான் வருஷத்துக்கு ஓட்டுறது 80 மணி நேரம். வருஷத்துக்கு 62 டாலர் மிச்சம். 5,000 டாலரைத் திருப்பி எடுக்க 80 வருஷம் ஆகும். உங்க பேரன் லாபம் பார்ப்பான்.

அதனால நேத்து சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். புரோப்பேனை எடுங்க.

நவம்பர் 12

ரெண்டு நாள்ல கட்சி மாறிட்டேன்னு ரெண்டு பேர் கிண்டல் பண்ணியிருக்கீங்க. நம்ம ஊர்ல இதைவிட வேகமா மாறினவங்க இருக்காங்க.

ஒருத்தர் கேட்டது நல்ல கேள்வி: 3.6க்கும் 3.2க்கும் நிஜமா வித்தியாசம் தெரியுமா? தெரியும். 120 வோல்ட்ல 3.6 கிலோவாட்னா 30 ஆம்பியர். 3.2ன்னா 26 ஆம்பியர் சொச்சம். கூரை ஏசி ஓடும்போது 12, 13 ஆம்பியர் இழுக்கும். மைக்ரோவேவ் இன்னொரு 13. ரெண்டும் சேர்ந்தா 26. புரோப்பேன்காரன் சாம்பாரைச் சுட வச்சுக்கிட்டே ஏசி போட்டுக்கலாம். டீசல்காரன் சாம்பார் சுடுற வரைக்கும் விசிறிக்கணும், இல்லேன்னா பிரேக்கர் விழாம இருக்கச் சாமி கும்பிடணும். நண்பர் வீட்டுல ஏசியை நிறுத்திட்டுத்தான் மைக்ரோவேவைத் தொடுவாங்க. ஏசி கம்ப்ரசர் கிளம்புற நொடி ஓடுற கரண்ட்டைப் போல மூணு மடங்குக்கு மேல கூட இழுக்கும். அதைத் தணிக்கிற சாஃப்ட் ஸ்டார்ட் பெட்டி ஒண்ணு விக்குது. ரெண்டு வகைக்கும் போட்டுக்கலாம், நான் போட்டிருக்கேன்.

நவம்பர் 15

டீசலுக்காக வாதாட ஒருத்தர் தனியா எழுதியிருந்தார். சத்தத்தை நான் சொல்லவே இல்லையாம். சத்தம் டீசலுக்குச் சாதகம்னு அவர் நினைக்கிறார்னா அவருக்குக் காது டாக்டர் வேணும். 10 கிலோவாட் டீசல் போட்ட பெரிய பஸ் மாதிரி வண்டி வேற கதை. அங்கே ஜெனரேட்டர் முன்னாடி மூக்குல இருக்கும், கட்டில் கடைசில. அந்த வண்டிக்காரங்க டீசலைத் தவிர வேற எதையும் யோசிக்கத் தேவையில்ல, சரிதான். நம்ம 25 அடி வண்டில கட்டிலுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவுல இருக்கிறது ஒரு தரை. என்னுது அம்மா மிக்சி அரைக்கிற மாதிரி ஒரே சீரா இரையும். நண்பரோடது கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் நிக்கிற ஜெனரேட்டருக்குப் பிறந்த குட்டி.

வாசனையும் அப்படித்தான். டீசல் புகை ஜன்னல் வழியா வந்து தலையணை உறைல உக்காந்துடும்னு நண்பர் மனைவி புலம்புவாங்க. புரோப்பேன் புகைல அந்த நாத்தம் இல்ல. ஆனா ஒண்ணு, நாத்தம் இல்லேன்னா ஆபத்து இல்லேன்னு அர்த்தம் கிடையாது. கார்பன் மோனாக்சைடு ரெண்டுலேயும் வரும், அதுக்கு மணமே கிடையாது. பழைய வண்டி வாங்குறீங்க, கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கிற அலாரத்தைக் கழட்டிப் பின்பக்கம் பாருங்க. தேதி போட்டிருக்கும். அந்தத் தேதி தாண்டியிருந்தா பச்சை விளக்கு எரிஞ்சாலும் அதை நம்பாதீங்க, புதுசு வாங்கி மாட்டுங்க.

2024 டிசம்பர் 3

ஒருத்தர் சிவப்பு டீசல் பத்திக் கேட்டிருக்கார். சாலை வரி இல்லாம மலிவா கிடைக்குதே, ஜெனரேட்டருக்கு ஊத்தலாமான்னு. தனித் தொட்டி இருந்தா ஊத்தலாம். நம்ம வண்டில ஜெனரேட்டரும் எஞ்சினும் ஒரே தொட்டி. அதுல சிவப்பு ஊத்தி ரோட்டுல ஓட்டினா அபராதம். சாயம் போட்டிருக்கிறதே கண்டுபிடிக்கத்தான். கேலனுக்கு 24.4 சென்ட் மத்திய வரி, அதுக்கு மேல மாநில வரி. வருஷத்துக்கு 24 கேலன் எரிக்கிற ஜெனரேட்டருக்காக இந்த வம்பு வேணுமா சார்?

டிசம்பர் 8

பால்டிமோர் சுரங்கப்பாதைல புரோப்பேன் வண்டியை விடமாட்டாங்களாமேன்னு வந்த கேள்விக்கு: ஆமா, அங்கே ஹார்பர் சுரங்கத்துலேயும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்துலேயும் மோட்டார்ஹோம் அளவுக்குப் புரோப்பேன் வச்சிருக்கிற வண்டியை விடமாட்டாங்க. முன்னே கீ பாலம் வழியா சுத்திப் போவாங்க. அந்தப் பாலம் 2024 மார்ச் 26ல கப்பல் மோதி விழுந்துடுச்சு. இப்போ 695 நெடுஞ்சாலைல மேற்குப் பக்கமா ஊரைச் சுத்தணும். டீசல் ஜெனரேட்டர் வாங்கினா இந்தத் தொல்லை இல்ல.

டிசம்பர் 8, பத்து நிமிஷம் கழிச்சு

தப்பு. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் புரோப்பேன் அந்த வண்டிலேயும் இருக்குமே! ஜெனரேட்டர் டீசல்ங்கிறதால சிலிண்டர் இறங்கிப் போயிடாது. ரெண்டு பேருமே சுத்தித்தான் போகணும். மேலே எழுதினதுல கடைசி வரியை அடிச்சுடுங்க.

2025 ஜனவரி 21

இது கொஞ்சம் நீளம். அவசரம்னா தாண்டிப் போயிடுங்க.

போன வியாழன் குடும்பத்தோட குவார்ட்ஸைட் போயிருந்தோம். தெரியாதவங்களுக்கு: அரிசோனாவுல கலிபோர்னியா எல்லைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர். ஜனவரில ஆர்வி கண்காட்சி (மோட்டார்ஹோம் மாதிரி வண்டிகளோட கண்காட்சி) நடக்கும். சுத்தியிருக்கிற பாலைவனம் முழுக்க வெள்ளை வெள்ளையா வண்டி, எங்க பார்த்தாலும் வண்டி. லா போசான்னு அரசாங்க நிலம் இருக்கு. இந்த சீசன்ல 40 டாலர் கட்டினா 14 நாள் தங்கலாம். கரண்ட் கம்பம், தண்ணிக் குழாய் எதுவும் வண்டிகிட்ட கிடையாது, எல்லாம் நம்ம பாடு.

வியாழன் காலைல புரோப்பேன் தொட்டியை முழுசா நிரப்பிட்டுத்தான் கிளம்பினேன். முழுசுன்னா 80 சதவீதம். வெயில்ல திரவம் விரிய இடம் வேணும்னு அதுக்கு மேல நிரம்பாது. என் தொட்டில அது பத்து கேலன் சொச்சம். என் பேட்டரி ரெண்டும் கிழடு, அதனால காலைல ரெண்டு மணி, சாயங்காலம் ரெண்டு மணி ஜெனரேட்டர் போட வேண்டியிருந்தது. பசங்க வேற கேம் விளையாடுறதை நிறுத்தல.

ஞாயிறு விடிகாலை நாலு மணி. முகத்துல குளிர்காத்து அடிச்சு முழிச்சேன். ஹீட்டரோட விசிறி ஓடுது, வர்றது ஐஸ் காத்து. வெளியே மூணு டிகிரி செல்சியஸ். எனக்குப் பட்டது என்னன்னா, பேட்டரி இறங்கிடுச்சு, அதான் ஹீட்டர் பத்த மாட்டேங்குது. அங்கே ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரைக்கும் சத்தம் போடக் கூடாது. பரவாயில்ல, பசங்க நடுங்குதுன்னு ஜெனரேட்டர் பட்டனை அமுக்கினேன். கர்ர் கர்ர்னு சுத்துச்சு, ஒரு தடவை இருமுச்சு, நின்னுச்சு. மறுபடி அமுக்கினேன். இருமல்கூட இல்ல.

அப்பதான் மனைவி போர்வைக்குள்ளேர்ந்தே கேட்டா: "அடுப்பு பத்துதான்னு பாரேன்."

திருகினேன். டிக் டிக் டிக் டிக். சுடர் இல்ல.

பேட்டரி நல்லாத்தான் இருந்திருக்கு, தொட்டிதான் காலி. கணக்குப் போட்டுப் பார்த்தா காலியாகாம இருந்திருந்தாதான் ஆச்சரியம். 20,000 பிடியு ஹீட்டர் எரியும்போது மணிக்கு 0.22 கேலன் குடிக்கும். ராத்திரில மொத்தமா அஞ்சாறு மணி நேரம் எரிஞ்சா 1.2. ஜெனரேட்டர் நாலு மணி நேரத்துக்கு 2.2. ஃப்ரிட்ஜும் அடுப்பும் கொஞ்சம். ஒரு நாளைக்கு 3.7ன்னு வச்சா மூணு நாள்கூட முழுசாத் தாங்காது. நோட்டு எழுதுறவன் நான்! எழுதினதைப் படிக்கணும்னு தோணல. உள்ளே சுவத்துல இருக்கிற விளக்குப் பலகை மட்டும் அப்பவும் மூணுல ஒரு பங்கு இருக்குன்னு காட்டிட்டிருந்தது.

நான் சொல்ல வந்தது குளிரைப் பத்தி இல்ல. ஜெனரேட்டர் நின்னதும், ஹீட்டர், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் நின்னதும் ஒரே நிமிஷத்துல. நாலும் ஒரே தொட்டியில வாய் வச்சிருக்கிற பிள்ளைங்க. எஞ்சின் டீசல் தொட்டில முக்கால்வாசி டீசல் சும்மா தளும்பிட்டிருக்கு, அது எனக்கு எதுக்கும் ஆகல. எஞ்சினை ஓட்டி டேஷ்போர்டு ஹீட்டர் போட்டுப் பசங்களை முன் சீட்டுல உக்கார வச்சேன், அது ஒண்ணுதான் ஆச்சு.

விடிஞ்சதும் இன்னொரு கூத்து. வீட்டு அடுப்புக்கு வாங்குற 20 பவுண்டு சிலிண்டர்னா தூக்கிட்டுப் போய் மாத்திட்டு வரலாம். மோட்டார்ஹோம் தொட்டி சேஸிஸோட இறுக்கினது. வண்டியையே ஓட்டிட்டுப் போகணும். பந்தலைச் சுருட்டி, பாயைச் சுருட்டி, சக்கரத்துக்கு அடியில வச்ச கட்டையை உருவி, அலமாரிக் கதவெல்லாம் பூட்டி, பாத்திரத்தைத் துணிக்குள்ள செருகி. ஊருக்குள்ள புரோப்பேன் நிரப்புற இடத்துல எனக்கு முன்னாடி பதினாலு வண்டி. நாமளே நிரப்பிக்க முடியாது, பயிற்சி எடுத்த ஆள்தான் நிரப்பணும். அவர் ஒருத்தர்தான், காபி குடிக்கவும் போவார்.

பக்கத்துல நின்ன ஒரேகான்காரப் பெரியவர்கிட்ட டீசல் ஜெனரேட்டர். நான் திரும்பி வந்து மறுபடி கட்டையை வைக்கிறதைப் பார்த்துட்டு, பத்து நாளா இங்கேயே இருக்கேன், அசையலன்னார். பெருமையாச் சொல்லல, அதனாலதான் எரிச்சல் இன்னும் கூடிச்சு.

தம்பி, வண்டி வாங்கிட்டீங்களா? இல்லேன்னா கொஞ்சம் பொறுங்க. என் 80 வருஷக் கணக்குல இந்த ஞாயித்துக்கிழமையை நான் சேர்க்கல.

ஜனவரி 22

ஒருத்தர் கேட்டார்: ஜெனரேட்டர் டீசலைக் குடிச்சே தீர்த்துட்டா வண்டியே நடுக்காட்டுல நிக்குமே, அது இன்னும் மோசம் இல்லையா?

இல்ல சார். ஜெனரேட்டருக்குப் போற குழாய் தொட்டியோட அடி வரைக்கும் போகாது. கால் தொட்டி மட்டத்துலேயே நின்னுடும். டீசல் அந்த மட்டத்துக்கு இறங்கினதும் ஜெனரேட்டர் காத்தை உறிஞ்சி நின்னுடும், எஞ்சினுக்குக் கால் தொட்டி மிச்சம். 25 கேலன் தொட்டின்னா ஆறு கேலன். ஸ்பிரிண்டர் கேலனுக்கு 15 மைல் கொடுக்கும், 90 மைல் போய் டீசல் போட்டுக்கலாம். யாரோ வீட்டுப் பெரியவங்க மாதிரி யோசிச்சு வச்சிருக்காங்க. புரோப்பேன் தொட்டில இப்படி யாரும் பங்கு பிரிக்கல. அடுப்புக்குன்னு கால் பங்கு ஒதுக்கி வைக்க வழியே கிடையாது.

இதை நவம்பர்லேயே எழுதியிருக்கணும். பிடியுவைப் பத்தியே பேசிட்டிருந்தேன். எந்த எரிபொருள் மலிவுங்கிறதை விட, அந்தத் தொட்டியில வேற யார் யாருக்குப் பங்கு இருக்குன்னு பார்த்திருக்கணும்.

பிப்ரவரி 16

ஃபிளாக்ஸ்டாஃப் பனிக்குப் போய்ட்டு வந்தோம். ஏழாயிரம் அடிக்குப் பக்கம். தொட்டி முக்கால்வாசி இருந்தும் ஜெனரேட்டர் விக்கல் எடுத்துச்சு. குனிஞ்சு பார்த்தா தொட்டில திரவம் நிக்கிற மட்டம் வரைக்கும் வெள்ளையா உறைபனி, கோலம் போட்ட மாதிரி ஒரே நேர்கோடு. அதுக்கு மேல ஈரம்கூட இல்ல. உள்ளே எவ்வளவு இருக்குன்னு அந்தக் கோடே சொல்லிடுச்சு, விளக்குப் பலகையை விடச் சரியா!

காரணம் இதுதான். நாம எடுக்கிறது ஆவியை. திரவம் ஆவியாகச் சூடு வேணும், அதைத் தொட்டிகிட்டேயிருந்தும் சுத்தியிருக்கிற காத்துகிட்டேயிருந்தும் எடுத்துக்கும். காத்தே குளிர்ந்து கிடந்தா கொடுக்க அதுகிட்ட என்ன இருக்கு? 70 டிகிரி ஃபாரன்ஹீட்ல தொட்டிக்குள்ள அழுத்தம் 110 பிஎஸ்ஐ பக்கம் இருக்கும். பூஜ்யம் ஃபாரன்ஹீட்ல 24தான். ஹீட்டரும் ஜெனரேட்டரும் சேர்ந்து இழுக்கும்போது இன்னும் குளிரும், இன்னும் இறங்கும்.

போன்ல அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "சிலிண்டரைக் கொஞ்சம் படுக்க வச்சுப் பாருடா, கொஞ்சம் வெந்நீர் ஊத்து"ன்னார். வண்டியைத்தாம்ப்பா படுக்க வைக்கணும்னேன். அப்புறம் பொறுமையா எடுத்துச் சொன்னேன்: படுக்க வச்சா ஆவிக்குப் பதிலா திரவம் ரெகுலேட்டருக்குள்ள போயிடும், அது பெரிய ஆபத்து. இதை எந்த நாட்டுலேயும் செய்யாதீங்கப்பான்னேன். "முப்பது வருஷமா உங்கம்மா செய்றா"ன்னார்.

இங்கே கிடைக்கிறது கிட்டத்தட்ட சுத்தப் புரோப்பேன், பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஆவியாகும். நம்ம ஊர் சிலிண்டர்ல பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்யத்துலேயே படுத்துக்கும். ஊட்டிக் குளிர்ல அடுப்பு சோம்பலா எரிய இது ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்.

பிப்ரவரி 17

டீசல்காரங்க ரொம்பச் சந்தோஷப்பட வேணாம். உங்க எரிபொருளும் குளிர்ல மெழுகு கட்டும். டெக்சஸ்ல கோடை டீசல் நிரப்பிட்டு நேரா கொலராடோ பனிக்குள்ள போனா ஃபில்டர் அடைச்சு ஜெனரேட்டர் மட்டுமில்ல, எஞ்சினும் நின்னுடும். போற வழியிலேயே, குளிர் ஊர்ல விக்கிற டீசலைப் போட்டுக்கிட்டே போங்க.

ஏப்ரல் 6

சோலார் கட்சியிலேர்ந்து ஒருத்தர் வந்து, 2025ல யார் சார் ஜெனரேட்டர் வைக்கிறாங்க, லித்தியம் போடுங்கன்னு சொல்லியிருக்கார். பாதி ஒத்துக்கிறேன். குவார்ட்ஸைட் கூத்துக்கு அப்புறம் கிழட்டு பேட்டரி ரெண்டையும் தூக்கிட்டு 200 ஆம்ப்-ஹவர் லித்தியம் போட்டேன். கூரைல ரெண்டு தகடு. இப்ப ஹீட்டர் விசிறி, விளக்கு, பசங்க கேம் எதுக்கும் ஜெனரேட்டர் வேண்டியதில்ல. ஒண்ணரை மாசமா மணி மீட்டர் மெயின்டனன்ஸுக்குத் தவிர நகரல.

ஆனா 200 ஆம்ப்-ஹவர்னா சுமார் இரண்டரை யூனிட் கரண்ட். ஏசி மணிக்கு ஒண்ணரை யூனிட் தின்னும். ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடியே காலி. ஜூன் மாச ராத்திரில அப்பா அம்மா தூங்கணும்னா சோலார் பேச்சு செல்லாது, சூரியன்கூட இருக்காது. ஏசிக்கு மட்டும் ஜெனரேட்டர், மத்ததுக்கு லித்தியம். இப்படிப் பிரிச்சதும் புரோப்பேன் தொட்டிச் சண்டை பெருமளவு அடங்கிடுச்சு. ஏசி தேவைப்படுற மாசத்துல ஹீட்டர் எரியாது, ஹீட்டர் எரியற மாசத்துல ஏசி தேவையில்ல. பங்காளிங்க ரெண்டு பேரும் வேற வேற மாசத்துல ஊருக்கு வந்தா சண்டை ஏது?

ஆக மறுபடியும் புரோப்பேன் பக்கம் சாயுறேன். சிரிங்க, சிரிங்க.

மே 11

தம்பி எழுதியிருக்கார். புரோப்பேன் வண்டியையே வாங்கிட்டாராம், மிச்சப் பணத்துல ஆயிரத்துச் சொச்சத்துக்கு லித்தியமும். நான் சொன்னதைக் கேட்டா, சொன்னதுல எதைக் கேட்டார்னு தெரியல.

மாசம் ஒரு தடவை ரெண்டு மணி நேரம், பாதிச் சுமைல ஓட்டுங்க. ஓனான் புத்தகத்துலேயே போட்டிருக்கு. ஏசியைப் போட்டுட்டு ஓட்டினா சுமை சரியா இருக்கும். புரோப்பேன் நாள்பட்டாலும் பிசின் கட்டாது, பெட்ரோல் மாதிரி கார்புரேட்டரை அடைக்காது. ஆனாலும் சும்மா கிடந்தா உள்ளே ஈரம் சேரும்.

ஜூலை 27

லெட்வில் போனோம், கொலராடோ. டெம்பே நண்பரும் டீசல் வண்டியோட வந்திருந்தார். பத்தாயிரம் அடிக்கு மேல இருக்கிற ஊர். டர்போ இல்லாத எந்த ஜெனரேட்டரும் ஆயிரம் அடிக்கு மூணு, மூணரை சதவீதம் பலம் இழக்கும். என் 3.6 அங்கே 2.4 பக்கம்தான். மைக்ரோவேவோட ஹேர் டிரையரைப் போட்டதும் ஜெனரேட்டர் திணறி டப்புனு நின்னுடுச்சு, வீட்டுல ஒரு முறைப்பு வாங்கினேன். நண்பரோடதுக்கும் அதே கதி, கூடவே கரும்புகை. காத்து கம்மி, டீசல் முழுசா எரியல. அடுத்த வண்டில வந்திருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து ஏதாவது தீப்பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க.

அவருக்கு வேற ஒரு பிரச்சினையும் இருந்தது. வருஷம் பூரா பேட்டரி சார்ஜ் பண்ண மட்டுமே ஓட்டியிருக்கார், சுமையே இல்லாம. டீசல் எஞ்சின் அப்படி ஓடினா சூடேறாது, எரியாத டீசலும் கரியும் புகைக்குழாய்ல பிசுபிசுன்னு படியும். சைலன்சர் நுனில விரலை வச்சுக் காட்டினார், தார் மாதிரி ஒட்டிச்சு. மெக்கானிக், நல்லாச் சுமை கொடுத்து ஓட்டுங்கன்னு சொல்லியிருக்கார். அதனால மலைக்குளிர்ல, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, ரெண்டு மணி நேரம் ஏசி போட்டு உக்காந்திருந்தோம். ஸ்வெட்டரும் குல்லாவுமா. சீட்டு ஆடினோம், அவர்தான் ஜெயிச்சார்.

ஜூலை 30

ஜூன்லேயே வந்திருக்க வேண்டிய தம்பியோட அப்பா அம்மா விசா தாமதத்தால இப்பதான் வந்திருக்காங்க. வண்டியை எடுத்து வாசல்ல நிறுத்தி, உள்ளே உக்கார வச்சு, ஜெனரேட்டர் பட்டனை அமுக்கியிருக்கார். சுத்துது, பிடிக்கல. வெளியே 101 டிகிரி. ஒன்பது மாசமா எழுதுறீங்களே, இப்ப என்ன பண்ணட்டும்னு கேட்டிருக்கார்.

வெளியே கீழே இருக்கிற தொட்டி வால்வைத் திறந்தீங்களா தம்பி?

ஜூலை 30, இருபது நிமிஷம் கழிச்சு

திறக்கலையாம். இப்ப திறந்துட்டாராம், அப்பவும் பிடிக்கலையாம்.

வெடுக்குனு திருகியிருப்பீங்க. குழாய் அறுந்தா வாயு கொட்டாம இருக்க அதுக்குள்ள ஒரு தடுப்பு வால்வு இருக்கு. சட்டுனு திறந்தா குழாய்தான் அறுந்துடுச்சுன்னு நினைச்சு அதுவே அடைச்சுக்கும். வால்வை முழுசா மூடுங்க. அஞ்சு நிமிஷம் விடுங்க, டொக்குனு ஒரு சின்னச் சத்தம் கேக்கும். அப்புறம் பாயசத்துல நெய் விடுற மாதிரி, மெதுவா, மெதுவாத் திறங்க.

ஜூலை 30, மதியம்

பிடிச்சுடுச்சாம். அவங்கம்மா ஏசிக்குக் கீழே போர்வை கேட்டிருக்காங்க.